ஒரு லீற்றருக்கு

"இருபத்தெட்டுக் கிலோமீற்றர் அன்ரி,
ஒரு லீற்றருக்கு" என்கிறான்
கிளிநொச்சிக் கார்க் கடைப் பொடியன்.
மேசையில் மினுங்கும் தாளில்
நீல நிறத்தில் ஒரு சின்னக் கார்.
நான் லீற்றரில் கணக்குப் பார்த்தவள் இல்லை.
எனக்குத் துளிதான்.

மல்லாவியில் பூலோகசிங்கத்தாரிடம்
ஓர் ஏ-போர்ட்டி நின்றது.
நாற்பத்தொன்பதாம் ஆண்டுப் பிறப்பு.
பிறந்த நாட்டிலேயே அப்போது
பெற்றோலுக்குக் கூப்பன் வெட்டினார்களாம்.
"பஞ்சத்துப் பிள்ளை, மிஸ்ஸி,
குடிக்கக் கேளாது" என்பார்
பொனற்றில் தட்டி.

பிறகுதான் படித்தேன்,
எங்கோ ஒரு கால்வாய் அடைபட்டபோது
பத்தங்குலச் சில்லில் ஒரு கார் உருண்டு வந்ததை,
எண்ணெய்க் கிணற்றுக்காரர் கைவிரித்த வருடங்களில்
யப்பான் கப்பல் கப்பலாய்ச் சின்னனுகளை ஏற்றியதை.
ஒருவன் குழாயைத் திருகி மூட
இன்னொரு கரையில் ஒரு கார் ஒடுங்கிப் பிறக்கிறது.
எங்களுக்கும் மூடினார்கள்.
புதிதாய் ஒன்றும் பிறக்கவில்லை.
கிழட்டுக் கார்
மண்ணெண்ணெய் குடிக்கப் பழகியது.

என்றாலும் மண்ணெண்ணெய்க்கு அது கண் விழிக்காது.
பென்சிலின் குப்பியில் பெற்றோல்,
சிரிஞ்சால் உறிஞ்சி
காபரேற்றர் வாயில் ஐந்து துளி.
இருமும். வெள்ளையாய்ப் புகையும்.
உடனே குழாயை மாற்றவேண்டும்.
அதற்குப் பிறகு ஒரேயொரு சட்டம்:
இடையில் அணைக்கக் கூடாது.
செத்த வீட்டுப் படலையிலும்
உறுமிக்கொண்டே நின்றுதான்
துக்கம் விசாரித்தது அந்தக் கார்.

தொண்ணூற்றேழு ஐப்பசி.
பாண்டியன்குளத்து வசந்தரூபிக்கு
வலி தொடங்கி இரண்டாம் இரவு.
பாதி வழியில் வெள்ளம் குறுக்கறுத்த இடத்தில்
எஞ்சின் தண்ணீர் குடித்து நின்றது.
குப்பியைக் கவிழ்த்துக் காட்டினார். காலி.
முன்விளக்கின் கறுப்பு மையில் விட்டிருந்த கீறல் வெளிச்சத்தில்
என் பையைப் பார்த்தார்.
கேட்கவில்லை.

சத்திரசிகிச்சை ஸ்பிரிட், இரண்டு அவுன்ஸ்.
ஒரு மாதத்துத் தொப்புள்கொடிகளுக்கும்
ஊசிகளுக்கும் அவ்வளவுதான் தருவார்கள்.
பிளக்கைக் கழற்றி என் சேலைத் தலைப்பில் துடைத்தார்.
முதல் தரம் ஒன்றுமில்லை.
இரண்டாம் தரமும்.
மூன்றாம் தரம் போத்தலை ஒட்ட வடித்தேன்.
எஞ்சின் கத்தியதும்
பின் சீற்றில் அவள் கத்தியதும்
ஒன்றாய்க் கேட்டது.

ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை. சுகம்.
அந்த மாதம் பிறந்த மற்ற மூன்றுக்கும்
உப்பு போட்டுக் கொதித்த தண்ணீர்தான்.
ஒன்றின் தொப்புள் பழுத்து
பதினொரு நாள் அழுதது.
பதிவேட்டில் எழுதினேன்:
ஸ்பிரிட், சிந்தியது.

ஏ-போர்ட்டியைக் கடைசியாய்க் கண்டது
வெள்ளாமுள்ளிவாய்க்காலில்,
குவித்த இரும்பின் மூன்றாவது அடுக்கில்,
பொனற் இல்லாமல்.
பூலோகசிங்கத்தாரை
எந்தக் குவியலிலும் காணவில்லை.

பிறகொரு வருடம்
போனில் கட்டம் கட்டமாய்ப் படம் காட்டி
ஸ்கூட்டிக்கு வாரம் நாலு லீற்றர் வாங்கினோம்.
வரிசையில் பின்னுக்கு நின்ற பிள்ளை
உலகம் முடிந்தது என்றாள்.
சிரிக்கக் கூடாது என்று
வெற்றுப் போத்தலின் மூடியைத் திறந்து திறந்து பூட்டினேன்.

"ஒருக்கா ஓடிப் பாருங்கோ" என்கிறான்.
ஓடுகிறேன். பஞ்சு மாதிரிப் போகிறது.
கரடிப்போக்குச் சந்தியில் மாடுகள்.
பிரேக்கை மிதிக்க
எஞ்சின் தானாக நின்றது.
ஒரு மூச்சுக்கூட இல்லை.
"அதுதான் அன்ரி, மிச்சம் பிடிக்குது"
பொடியனுக்கு முகமெல்லாம் பெருமை.
என் இடக்கை
கைப்பையின் சிப்பைத் திறந்து
உள்ளே எதையோ தேடிக்கொண்டிருக்கிறது.